வந்துச்சா

22 ஜனவரி 2001, திங்கள்

புது டிஸ்கில் விண்டோஸ் 98 ஏற்றி முடித்தபோது ராத்திரி ஒன்றரை. படம் வருகிறது. பாட்டு வருகிறது. மோடம் மட்டும் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறி, பக்கத்தில் 'பிசிஐ கம்யூனிகேஷன் டிவைஸ்'. யார் செய்த கார்டு, என்ன மாடல், ஒன்றும் சொல்லவில்லை.

டிரைவர் சிடியைத் தேடினேன். டிவி ஸ்டாண்டு, அம்மாவின் பீரோ, அரிசி டின் மேலே இருக்கும் அட்டைப்பெட்டி. எங்கேயும் இல்லை. அண்ணன் பெங்களூர் எஸ்பி ரோட்டில் இந்தக் கம்ப்யூட்டரை செகண்ட் ஹாண்டில் வாங்கி மாரிக்குப்பம் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். சிடி கொடுத்தார்களா என்றே ஞாபகம் இல்லை.

கேபினெட் தகடு விரலைக் கிழித்துவிட்டது. எரிகிறது.

23 ஜனவரி, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் சென்டரில் டாலி வகுப்பு. மனசு அங்கே இல்லை.

மத்தியானம் கார்டைக் கழற்றினேன். ஸ்லாட்டுக்குள் தங்கச் சுரங்கக் கழிவு மேட்டின் சைனைட் மண். மெல்லிசாக, மாவு போல. காற்று அடித்தால் இந்த ஊரில் எதுதான் தப்பும்? கார்டின் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, துணியால் துடைத்து, மாட்டினேன். அதே கேள்விக்குறி.

அப்பா ஃபர்ஸ்ட் ஷிப்ட். செருப்பைக் கழற்றும்போதே, "வந்துச்சா?"

"இல்லப்பா."

கால் கழுவப் போய்விட்டார்.

26 ஜனவரி, வெள்ளி

குஜராத்தில் பூகம்பம். கொடியேற்றிவிட்டு வந்து டிவியைப் போட்டால் புஜ் ஊர் தரைமட்டமாகக் கிடக்கிறது. அப்பா நின்றுகொண்டே பார்த்தார். உட்காரவே இல்லை. சுரங்கத்துக்குள் பாறை வெடித்தால் நம் வீட்டில் பாத்திரம் ஆடும், ஒரு நொடி. அதற்கே அம்மா வாசலுக்கு ஓடுவாள். அங்கே என்ன ஆகியிருக்கும்.

மோடத்தைத் தொடவில்லை. இன்றைக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?

ராத்திரி பத்து மணிக்குத் தொட்டேன். அப்படியேதான் இருக்கிறது.

29 ஜனவரி, திங்கள்

கார்டின் பின்பக்கம் ஒரு எஃப்சிசி எண். முதல் மூன்று எழுத்தை வைத்து யார் பதிவு செய்தது என்று பார்க்கலாம். பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம். பக்கம் திறப்பதற்குள் காசு ஓடுகிறது. கார்டைக் கோர்த்த கம்பெனி பெயர் கிடைத்தது. சில்லு யாருடையது என்று கிடைக்கவில்லை. டிரைவர் சில்லுக்குத்தான் வேண்டும், கார்டுக்கு இல்லை.

டிரைவர் இறக்க மோடம் வேண்டும். மோடம் ஓட டிரைவர் வேண்டும்.

கடைப் பையன் ஒரு ஃப்ளாப்பி கொடுத்தான். "56 கே எல்லாம் ஒண்ணுதான்க்கா. இதப் போடுங்க." இல்லை என்று தெரியும். வாங்கிக்கொண்டேன்.

30 ஜனவரி, செவ்வாய்

போட்டேன். நீலத் திரை. திரும்ப ஆன் செய்தால் லோகோவோடு நிற்கிறது. சேஃப் மோடில் போய் எடுத்தேன். எடுத்தாலும் விண்டோஸ் தானாகவே அதையே திரும்பப் போடுகிறது. இன்ஃப் ஃபோல்டருக்குள் 'அதர்' என்று ஒன்று இருக்கிறது, மறைந்திருக்கும். பழைய டிரைவரின் குறிப்பு அதில் பதுங்கிக்கொள்கிறது. அங்கே போய் அழித்த பிறகுதான் விட்டது. ராத்திரி பன்னிரண்டரை. கழுத்து வலி.

அம்மா கட்டிலிலிருந்து, "கரண்ட் பில்லு யாரு கட்றது?" என்றாள்.

3 பிப்ரவரி, சனி

மார்ச் 1 முதல் மைன்ஸ் மூடல். ஆர்டர் வந்துவிட்டது. அப்பாவே சொன்னார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். போன ஜூனில் நலிந்த கம்பெனிகளைப் பார்க்கும் பிஐஎஃப்ஆர், கம்பெனியைக் கலைக்கச் சொன்னபோதே தெரிந்ததுதான். இருந்தாலும் தேதி என்று ஒன்று வந்தால் வயிற்றில் என்னவோ ஆகிறது.

யூனியன் கூட்டத்துக்குப் போய்விட்டு ஒன்பதரைக்கு வந்தார். குரல் கட்டியிருந்தது.

"வந்துச்சா?"

எதைக் கேட்கிறார் என்று ஒரு கணம் புரியவில்லை. "இன்னும் இல்லப்பா."

4 பிப்ரவரி, ஞாயிறு

அண்ணன் போன். மஸ்கட்டிலிருந்து. வளவளவென்று பேசுகிறவன் இன்று கடகடவென்று சொல்லிவிட்டு வைத்தான். ஜாம்பியாவில், கிட்வே பக்கம் செம்புச் சுரங்கம். அவன் சிநேகிதனுக்குத் தெரிந்த ஆள் அப்பா மாதிரி, சுரங்கக் கேஜை ஏற்றி இறக்கும் வைண்டர் ஓட்டுகிறவர்களைக் கேட்கிறான். சர்டிபிகேட்டும் பயோடேட்டாவும் மெயிலில் அனுப்பணும். பதிலும் மெயிலில்தான் வரும், தினம் பார்க்கணும்.

அப்பாவின் சர்டிபிகேட்டை எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்கெனவே ஸ்கேன் செய்துவிட்டேன், சென்டர் பூட்டுகிற நேரத்தில், யாரும் இல்லாதபோது. அங்கே போன் லைன் இல்லை. ஃப்ளாப்பி கைப்பையில் இருக்கிறது. கீதா ரோடு பிரௌசிங் சென்டருக்குப் போனால் பத்து நிமிஷத்தில் அனுப்பிவிடலாம்.

"கடையில வேணாம்," என்றார் அப்பா.

"ஏம்பா?"

"பக்கத்துல யாராவது பாப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார். நேற்றைய கூட்டத்தில் இவரும்தான் கை தூக்கியிருப்பார், யாரும் ஊரை விட்டுப் போகக்கூடாது, மைன்ஸை மூட விடக்கூடாது என்று. அந்தக் கையோடு கடையில் உட்கார்ந்து ஜாம்பியாவுக்கு எழுத முடியாது அவரால். எனக்குப் புரிகிறது. கோபமும் வருகிறது.

10 பிப்ரவரி, சனி

காய்ச்சல் மாதிரி இருந்தது. லீவு.

கார்டின் பெரிய சில்லின் மேல் கடைக்காரன் ஒட்டின வாரண்டி ஸ்டிக்கர். இத்தனை நாளாக அதைப் பிய்க்கப் பயந்தேன். தேங்காய் எண்ணெய் தொட்டு ஊறவைத்து நகத்தால் சுரண்டினேன். கீழே எழுத்து.

1646 டி 00.

லூசன்ட்! சத்தமாகவே சொல்லிவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். அவளிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாள், ஒவ்வொரு எண்ணாக.

இந்தச் சில்லு சிக்னல் வேலையைத் தானே பார்க்கும். கட்டுப்படுத்துகிற வேலை முழுக்க டிரைவருடையது. அதனால்தான் டிரைவர் இல்லாவிட்டால் வெறும் தகடு. வெளியே வைக்கிற மோடத்தில் எல்லாம் உள்ளேயே இருக்கும், சீரியல் போர்ட்டில் சொருகினால் போதும். விலைதான்.

காய்ச்சல் போயே போச்சு.

12 பிப்ரவரி, திங்கள்

பிரௌசிங் சென்டர். கிடைத்தது. ஒரே ஃப்ளாப்பியில் அடங்குகிறது. வீட்டுக்கு வந்து போட்டால் டிரைவ் கரகர என்று அரைத்து, படிக்க முடியவில்லை என்கிறது. கெட்ட செக்டர்.

அழுகை வந்தது. சும்மா, ஒரு ஃப்ளாப்பிக்காக.

"வந்துச்சா?"

"நாளைக்கு வரும்."

13 பிப்ரவரி, செவ்வாய்

இரண்டு ஃப்ளாப்பியில் காப்பி. ஒன்று படித்தது. டிரைவர் ஏறியது. கேள்விக்குறி போய்ப் பெயர் வந்தது! அரை நிமிஷம். பிறகு பெயருக்குமேல் மஞ்சள் வட்டத்தில் ஆச்சரியக்குறி. இப்போது வேறொரு வியாதி. சவுண்டு கார்டும் இதுவும் ஒரே ஐஆர்க்யூவுக்குச் சண்டை.

தூங்கப் போகிறேன். பெயர் வந்ததே.

15 பிப்ரவரி, வியாழன்

நாம் பயன்படுத்தாத காம் 2 போர்ட்டை பயாஸில் நிறுத்தினேன். ஐஆர்க்யூ 3 காலியானது. கார்டை அடுத்த பிசிஐ ஸ்லாட்டுக்கு மாற்றினேன். ஆச்சரியக்குறி இல்லை. மோடம் காம் 3-இல் வந்து உட்கார்ந்தது. கண்ட்ரோல் பேனலில் டயக்னாஸ்டிக்ஸ், மோர் இன்ஃபோ. வரிசையாகப் பதில் சொல்கிறது. ஓகே, ஓகே, ஓகே.

இடுப்பு வலி இன்று. வெந்நீர்ப் பாட்டிலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்த ஓகேக்களையே பார்த்தேன்.

17 பிப்ரவரி, சனி

பயோடேட்டா. அப்பா சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"வைண்டிங் இன்ஜின் டிரைவர், ஃபர்ஸ்ட் கிளாஸ் சர்டிபிகேட். சாம்பியன் ரீஃப். போட்டியா?"

"போட்டேன்."

"அவ்ளோதான்."

இருபத்து இரண்டு வருஷம், அவ்வளவுதானா? கேள்வி கேட்டுக் கேட்டு எடுத்தேன். ஆட்களை இறக்கும்போது வேகம் வேறு, கல் ஏற்றும்போது வேறு. கேஜ் கண்ணுக்குத் தெரியாது. மேலே வைண்டர் ரூமில் உட்கார்ந்து டெப்த் இண்டிகேட்டர் முள்ளையும் மணியையும் மட்டும் நம்பி பிரேக் பிடிக்கணும். ஓடும்போது ஒரு அடி என்றால் நிறுத்து. மூன்று அடி என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள். மணி அடிக்கிற விதத்தை வைத்தே கீழே நிற்பது யார் என்று அப்பாவுக்குத் தெரியுமாம். "ஒருத்தன் அடிக்கிறது ஒருத்தன் அடிக்கிற மாதிரி இருக்காது." ரோப் கொஞ்சம் இழுத்தாலும் தரையில் பாதம் வைத்தே சொல்லிவிடுவார்.

பம்பாயிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் விஞ்ஞானிகள் வந்தார்களே, அதைப் போடலாமா என்று கேட்டேன். 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தது நம் சாம்பியன் ரீஃபில், ஏழாயிரம் அடிக்குக் கீழே. அது அப்பா சேர்வதற்கு முன்னால். பிறகு புரோட்டான் ஆராய்ச்சிக்கு வந்தவர்களை இவர் பார்த்திருக்கிறார்.

"அவுங்களும் கேஜ்ல ஏறுனாங்க, நம்ம ஆளுங்களும் ஏறுனாங்க. எனக்கு எல்லாம் மூணு அடிதான். அத எதுக்குப் போடுற?"

போடவில்லை. இங்கே எழுதிக்கொள்கிறேன்.

பெயருக்குக் கீழே வயது 51 என்று அடித்தபோது விரல் நின்றது. அவ்வளவு தூரம், இந்த வயதில்.

21 பிப்ரவரி, புதன்

சிவராத்திரி. அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு கம்மசந்திரா கோடிலிங்கத்துக்குப் போயிருக்கிறாள். நல்ல கூட்டமாம்.

இன்டர்நெட் எண் 172222. கனெக்ட். உடனே 'எரர் 680, டயல் டோன் இல்லை.' ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தால் டோன் இருக்கிறது. எனக்குக் கேட்கிறது, அதற்குக் கேட்கவில்லை. வயரை மாற்றினேன். ரோசெட் பெட்டியைத் திறந்து பார்த்தேன். 680. 680.

அப்பா செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்தார். நான் திரும்பவில்லை. அவரும் கேட்கவில்லை. கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது.

23 பிப்ரவரி, வெள்ளி

நாடு என்ற இடத்தில் அமெரிக்கா என்று இருக்கிறது. அமெரிக்க டயல் டோன் வேறு, நம்முடையது வேறு. மோடம் தனக்குத் தெரிந்த டோனுக்காகக் காத்திருந்து கைவிடுகிறது. இந்தியா என்று மாற்றினேன். 'டயல் டோனுக்குக் காத்திரு' என்பதில் டிக்கை எடுத்தேன். எக்ஸ்ட்ரா செட்டிங்ஸில் எக்ஸ்3.

டயல் செய்தது! டிக்டிக்டிக் என்று எண்கள், ஒரு நீள ஓசை, பிறகு அந்த இரைச்சல். ஊரிலேயே இனிமையான சத்தம் எனக்கு இன்று அதுதான். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

அரை நிமிஷம் இரைந்துவிட்டு அறுந்தது. திரும்ப. அறுந்தது. 'எரர் 650.'

கிட்டத்தில் வந்துவிட்டேன். எட்டவில்லை.

26 பிப்ரவரி, திங்கள்

அறுகிறது. சில சமயம் 9600-இல் பிடித்து, யாஹூ பக்கம் பாதி திறந்து, அறுகிறது.

கிட்வே ஆள் வேறு யாரையாவது எடுத்திருப்பான். எடுக்கட்டும் என்றும் ஒரு நினைப்பு. அப்பா இங்கேயே இருக்கட்டும். இதை எழுதியிருக்கக்கூடாது.

28 பிப்ரவரி, புதன்

கடைசி ஷிப்ட்.

போய் வந்தார். சாப்பிட்டார். நான் எதுவும் எழுதப் போவதில்லை.

1 மார்ச், வியாழன்

நாலரைக்கே எழுந்துவிட்டார். குளித்து, பேன்ட் போட்டு, டீ குடித்து, வாசல் திண்ணையில் உட்கார்ந்தார். அம்மா கேரியரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பதினோரு மணிக்குக் கடைத்தெரு பக்கம் போனார். மூன்று மணிக்கு வந்தார், ஷிப்ட் விடுகிற நேரத்துக்கு. செருப்பைக் கழற்றினார்.

"வந்துச்சா?"

"இல்லப்பா."

கால் கழுவப் போனார்.

2 மார்ச், வெள்ளி

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆம்பிளைகள். பகலில் இத்தனை பேரைப் பார்த்ததில்லை. யாரும் சத்தமாகப் பேசவில்லை. பம்பை நிறுத்தினால் எத்தனை நாளில் தண்ணீர் எந்த லெவலுக்கு ஏறும் என்று மூன்று பேர் மண்ணில் குச்சியால் கோடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1902-லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்த ஊர், பம்புக்கும் வைண்டருக்கும் நிற்காமல் ஓடின கரண்ட் என்று ஒருவர். எல்லோருக்கும் தெரிந்ததுதான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அப்பா தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்குள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ரொம்ப நேரம்.

4 மார்ச், ஞாயிறு

இன்று நடந்ததை முழுசாக எழுதணும்.

டயல் செய்தேன். இரைச்சல். அப்பா பின்னால் நின்று கேட்டார். அறுந்தது. "மறுபடி போடு." போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அறுந்தது. "மறுபடி."

"அந்தக் கத்தலுக்குப் பின்னாடி ஒரு 'உம்'ம்னு கேக்குது பாரு. அது உன் மிஷின் இல்ல. அது லைன்ல கீது."

எனக்குக் கேட்கவில்லை. ரிசீவரை எடுத்து அவர் காதில் வைத்தேன். ஒரு எண்ணை அழுத்தி டோனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். "இதோ." என்னிடம் கொடுத்தார். இருந்தது. ரொம்ப லேசாக, அடியில்.

முதலில் உள்ரூமில் பேரலலாக இருக்கும் பழைய சுழல் டயல் போனைப் பிடுங்கினார். உம் குறைந்தது, போகவில்லை. பிறகு வயரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார். நான் டார்ச்சோடு பின்னால். சுவரோரம், ஜன்னல் மேலே, பின்பக்கம் ஓட்டுக்கு அடியில். அங்கே ஒரு ஜாயிண்ட். டேப் சுற்றியிருந்தார்கள், டேப் இளகி நழுவியிருந்தது. செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடம். பக்கத்திலேயே கரண்ட் வயர் ஒட்டிப் போகிறது.

அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அப்பா பிளேடால் செம்பு பளபளக்கும்வரை சுரண்டி, முறுக்கி, புது டேப் சுற்றி, கரண்ட் வயரை விட்டு ஒரு முழம் தள்ளி ஆணி அடித்துக் கட்டினார். அவசரமே படவில்லை. இந்த நாலு நாளில் அவர் கை வேலை செய்து இன்றுதான் பார்த்தேன். ஸ்டூலில் நின்ற அவர் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஆடவே இல்லை.

நானும் ஒன்று செய்தேன். 56-ஐ நிறுத்தி 33.6-க்கு இறக்கினேன். நம் லைனுக்கு அது போதும்.

டயல். இரைச்சல். அப்பா கண்ணை மூடினார். இரைச்சல் அடங்கியது. அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இல்ல," என்றார். "பிடிச்சிடுச்சு."

திரையில் 28,800. மூலையில் இரண்டு குட்டிக் கம்ப்யூட்டர், பச்சை மின்னுகிறது. பயோடேட்டாவும் சர்டிபிகேட்டும் போக நாலு நிமிஷம். அப்பா அந்த நாலு நிமிஷமும் உட்காரவில்லை. நான் உட்காரச் சொல்லவும் இல்லை. போய்விட்டது. 'மெசேஜ் சென்ட்.'

அம்மா கேசரி கிண்டினாள். எதற்கு என்று சொல்லவில்லை. கிண்டிவிட்டு, "போணுமா அவ்ளோ தூரம்?" என்று என்னிடம்தான் கேட்டாள், அவரிடம் இல்லை.

7 மார்ச், புதன்

தினம் மூன்று மணிக்குப் பார்க்கிறோம். பதில் இல்லை. அண்ணனிடமிருந்து ஒரு வரி: 'சேர்ந்தது, வெயிட்.' லைன் ஒருமுறைகூட அறுபடவில்லை. 31,200 வரை ஏறியது. காரணமில்லாமல் சந்தோஷம். காரணத்தோடு பயம்.

10 மார்ச், சனி

ராத்திரி எட்டரைக்கு எதிர்வீட்டு மாமா வந்தார். ஃபிட்டர். அப்பா இல்லையே என்றேன். "உன்னத்தான் பாக்க வந்தேன் பாப்பா." சட்டைக்குள்ளிருந்து ஒரு கவர். ஹட்டி கோல்டு மைன்ஸுக்கு எழுதணுமாம், இங்கிலீஷில். டைப் அடித்து ஃப்ளாப்பியில் வேண்டும், மெயில் அனுப்ப முடிந்தால் அதுவும்.

"கடையில வேணாம்னு பாத்தேன். உங்கப்பாகிட்ட சொல்லாத. தப்பா நெனைப்பாரு."

சொல்லமாட்டேன் என்றேன். அடித்துக் கொடுத்தேன். அவர் போகும்போது அப்பா கேட்டைத் திறந்து உள்ளே வந்தார். இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். மாமா கையில் கவர். அப்பா கவரைப் பார்த்தார்.

"நானும் அனுப்புனேன்," என்றார். "ஞாயித்துக்கெழம."

மாமா ஒன்றும் பேசவில்லை. பிறகு இருவரும் திண்ணையில் உட்கார்ந்து பத்தரை வரை பேசினார்கள். அம்மா இரண்டு தரம் டீ போட்டாள்.

12 மார்ச், திங்கள்

இன்று மூன்று பேர். ஷாஃப்ட் வாயில் நிற்கும் பேங்க்ஸ்மேன், எலக்ட்ரீஷியன், ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு டிம்பர்மேன். டிம்பர்மேனுக்குச் சர்டிபிகேட் எதுவும் இல்லை. கீழே எங்கே பாறை இறங்கும் என்று மட்டும் தெரியும் என்றார். அதை இங்கிலீஷில் எப்படிப் போடுவது என்று அரை மணி யோசித்தேன். யோசித்துப் போட்டேன், நன்றாகவே வந்தது.

14 மார்ச், புதன்

கல்கத்தா டெஸ்டில் லட்சுமணும் டிராவிடும் நாள் முழுக்க அவுட்டே ஆகவில்லை. தெருவே டிவி முன்னால். லைன் காலி, முதல் தடவையே பிடித்தது.

கிட்வேயிலிருந்து பதில். பாஸ்போர்ட் நகல் கேட்கிறார்கள்.

அப்பாவுக்குப் பாஸ்போர்ட் இல்லை. மூன்று மணிக்கு வந்தார், நான் கேட்பதற்கு முன்பே திரையில் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். பெங்களூரில் எந்த இடத்தில் விண்ணப்பம் கொடுக்கணும், எத்தனை போட்டோ என்று கேட்டார். போவேன் என்று சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா உள்ளே பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

15 மார்ச், வியாழன்

எலக்ட்ரீஷியன் மாமாவின் பையன் வந்தான். அவன் வீட்டிலும் இதே மாதிரி கார்டு, இதே கேள்விக்குறி. சில்லு நம்பர் பார்க்க ஸ்டிக்கரை எண்ணெய் தொட்டுப் பிய்க்கச் சொன்னேன். நாடு இந்தியா, எக்ஸ்3, டோனுக்குக் காத்திராதே, 33.6, பேரலல் போனைப் பிடுங்கு. எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்தேன். லைன் ஜாயிண்டை அப்பா வந்து பார்ப்பதாகச் சொன்னார், நாளைக் காலை, டேப்பும் பிளேடும் எடுத்துக்கொண்டு.

நல்ல ஃப்ளாப்பி ஒன்றுகூட மிச்சமில்லை. ஒரு பெட்டி வாங்கணும்.